இணைய இணைப்புக்கும் ஒரு பதிவேடு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒருநாள் இணையவழித் தேர்வு. பாதியில் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா சார்?" என்று கேட்டாள். தவறு அவளுடையதல்ல. ஆனால் அதைச் சொல்ல என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. சேவை நிறுவனத்தில் கேட்டால், "இந்த மாதம் ஒப்பந்தப்படி 99 சதவீதம் இணைப்பு இருந்திருக்கிறதே" என்றார்கள்.

தலைமையாசிரியரிடம் ஒப்பந்த நகலை வாங்கிக் கணக்குப் போட்டேன். 30 நாளுக்கு 720 மணி நேரம். அதில் 1 சதவீதம், 7 மணி 12 நிமிடம். இரவில் போனால் நமக்குத் தெரியவே தெரியாது. பகலில் சேர்ந்தாற்போல் போனால் ஒரு முழுப் பள்ளி நாளே போய்விடும். இரண்டுக்கும் கணக்கு 99 தான்!

வேகத்திலும் ஒன்று உண்டு. 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இது புரியாமல் நானே ஒருமுறை வீண்சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காலை, நண்பகல், மாலை என மாணவர்களே வேகத்தை அளந்து எழுதுகிறார்கள். வைஃபையில் அளந்தால் இடையிலுள்ள சுவரும் கணக்கில் சேர்ந்துவிடும்; கேபிள் செருகிய கணினியில்தான் அளக்க வேண்டும், மற்ற கணினிகள் சும்மா இருக்கும்போது. இணைப்பு போன நேரம், வந்த நேரம், புகார் எண் மூன்றும் கட்டாயம். எண் வாங்காத புகார், கொடுக்காத புகார்தான்.

சென்ற முறை நோட்டின் நகலோடு கடிதம் அனுப்பினோம். யாரும் சதவீதம் பேசவில்லை. ஆள் வந்து கேபிளை மாற்றினார். அடுத்த ஒப்பந்தத்தில் "பள்ளி வேலை நேரத்தில்" என்று சேர்க்கக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.