தர்மம் அல்ல, கடன்!

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடன் எது, தர்மம் எது என்று கடைவீதியில் தொழில் செய்யும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் லாரியை ஏற்றி உங்கள் கடையை இடித்துத் தள்ளுகிறான். மறுநாள் நாலு மூட்டை சிமெண்டோடு வந்து நின்று, "ஏதோ என்னாலான உதவி" என்கிறான். போட்டோவும் எடுத்துக்கொள்கிறான். என்ன சொல்வீர்கள்? "உதவி யாரய்யா கேட்டது? இடித்ததற்குக் கணக்கைச் சொல்!" என்பீர்கள். ஈராக் விஷயத்தில் நாம் கேட்பதும் அதுதான்.

2003 மார்ச் 20 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படையெடுத்தன. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்களே அனுப்பிய ஆய்வுக் குழு சல்லடை போட்டுத் தேடிவிட்டு, அப்படிப்பட்ட கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004-ல் அறிக்கை கொடுத்தது. ஏப்ரல் 9-ல் பாக்தாத் விழுந்த பிறகு நடந்தது என்ன? தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. தேசிய நூலகம் எரிந்தது. மருத்துவமனைகளும் தப்பவில்லை. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்கப் படையின் காவல்!

ஆக்கிரமித்த படைதான் அங்கே ஒழுங்கையும் பாதுகாப்பையும் நிலைநாட்ட வேண்டும் என்கிறது 1907 ஹேக் ஒப்பந்தம். மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்யவேண்டும் என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். 2003 மே 22-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 1483-ஆம் தீர்மானம் இவ்விரு நாடுகளையும் ஆக்கிரமித்துள்ள அரசுகள் என்றே குறிப்பிட்டு, அதற்குரிய கடமைகளை நினைவூட்டியது. இருவரும் ஆதரித்து வாக்களித்த தீர்மானம் அது. சட்டம் இவ்வளவோடு நிற்கலாம். இடித்தவன் கட்டித்தர வேண்டும் என்று நியாயம் அதற்கு மேலும் கேட்கிறது.

சரி, எவன் காசில் கட்டினார்கள்?

முதலில் கைவைத்தது ஈராக்கின் எண்ணெய்ப் பணத்தில்! அதே தீர்மானத்தின்படி 'ஈராக் வளர்ச்சி நிதி' உருவானது. எண்ணெய் விற்ற காசு அதில் விழுந்தது. பால் பிரெமர் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதைச் செலவழித்தது. நூறு டாலர் நோட்டுக் கட்டுகள் அமெரிக்காவிலிருந்து விமானம் விமானமாக வந்திறங்கின. 880 கோடி டாலருக்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்று 2005 ஜனவரியில் சொன்னது யார் தெரியுமா? அமெரிக்க அரசே நியமித்த தணிக்கை அதிகாரி! உங்கள் கடைக் கணக்குப்பிள்ளை இப்படி ஏடு எழுதினால் மறுநாள் உள்ளே விடுவீர்களா?

அமெரிக்கா தன் கையிலிருந்தும் கொடுத்தது. அதை நாம் மறைக்கக் கூடாது. 2003 நவம்பரில் 1,840 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பத்தாண்டுகளில் செலவு ஏறத்தாழ 6,000 கோடி. அதில் குறைந்தது 800 கோடி வீணானது என்று அதே தணிக்கை அலுவலகம் 2013-ல் கணக்கிட்டது. முதலில் அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதியைக் கடனாகத்தான் தரவேண்டும் என்று செனட் சபை வாக்களித்ததே, அதை என்னவென்று சொல்ல! பிறகு அதைக் கைவிட்டார்கள். போரை எதிர்த்த பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் முக்கிய ஒப்பந்தங்கள் கிடையாது என்று பென்டகன் உத்தரவு போட்டது. டெண்டர் யாருக்கு என்பதில் இருந்த அக்கறை வேலையில் இல்லை. ஃபலூஜாவைப் பாருங்கள். 2004-ல் இரண்டு முறை தாக்கப்பட்ட ஊர். அங்கே சுமார் 3 கோடி டாலரில் முடிப்பதாகச் சொன்ன சாக்கடைத் திட்டத்தின் செலவு 10 கோடியைத் தொட்டது. அத்தனைக்குப் பிறகும் ஊரில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இணைப்பு!

"ஈராக் அரசியல்வாதிகளும் தின்றார்களே" என்பார்கள். தின்றார்கள், உண்மைதான். வேலைக்காரன் திருடினான் என்பதால் இடித்தவன் கடன் தீர்ந்துவிடுமா?

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 1990-ல் சதாம் ஹுஸைன் குவைத்தை ஆக்கிரமித்தது அநியாயம். அதில் இரண்டு கருத்து வேண்டாம். 1991-ல் ஐ.நா. ஒரு நஷ்டஈட்டுக் கமிஷனை அமைத்தது. எரிந்த எண்ணெய்க் கிணறுகளுக்கு, இழந்த வியாபாரத்துக்கு, உடுத்திய துணியோடு ஓடிவந்த தொழிலாளிக்கு என எல்லாவற்றுக்கும் மனு வாங்கினார்கள். இந்தியத் தொழிலாளர்களுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. ஈராக் கட்டி முடித்த தொகை 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில்! ஈராக் தானே ஆக்கிரமிப்பில் கிடந்த 2003-லும் எண்ணெய் வருமானத்தில் 5 சதவீதம் இதற்கென்று பிடிக்கப்பட்டது.

2003 படையெடுப்புக்கு அப்படியொரு கமிஷன் ஏன் இல்லை? அமைக்க வேண்டியது பாதுகாப்பு சபை. அங்கே அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வீட்டோ இருக்கிறது.

இளைஞர்களே! "அமெரிக்கா எவ்வளவோ உதவி செய்ததே" என்று யாராவது உங்களிடம் வாதிட்டால், குவைத் ஆக்கிரமிப்புக்காக ஈராக் கட்டிய 5,240 கோடிக்கு என்ன பெயர் என்று திருப்பிக் கேளுங்கள். ஐ.நா. ஏட்டில் அதற்கு நஷ்டஈடு என்றுதான் எழுதியிருக்கிறது.