ஓடிய வண்டியை வாங்குங்கள்



பழைய டுகாட்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பைக் ஓட்டுகிறவரும் சரி, ஓட்டாதவரும் சரி, ஒரே குரலில் வேண்டாம் என்பார்கள். ஸ்பேர் கிடைக்காது, மெக்கானிக் கிடைக்க மாட்டார், சர்வீஸ் செலவுக்குச் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்பார்கள். கேட்டவர் அன்றைக்கே ஆசையை மூட்டை கட்டி விடுவார். சிலர் ஆசையை விட முடியாமல், அதே சமயம் பயத்தோடு, மிகக் குறைவாக ஓடிய வண்டியாகத் தேடுவார்கள். மீட்டரில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்தான் இருக்கும். புதுசு மாதிரி இருக்கிறதே என்று நிம்மதியாகப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். இத்தாலிய ஸ்போர்ட் பைக்கைப் பொறுத்தவரை, குறைந்த ஓட்டம் என்பது பாதுகாப்பு ஆகாது. பல நேரம் அதில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. நானும் ஒரு பழைய டுகாட்டி 848 வைத்திருப்பவன். வாங்கும் முன் எனக்கும் இதே பயம் இருந்தது.

பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எதுவானாலும் அதில் வால்வு திறக்க வேண்டும், மூட வேண்டும். நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டரிலும் புல்லட்டிலும் கேம் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. 1950-களில் ஸ்பிரிங் செய்யக் கிடைத்த எஃகு அவ்வளவு உறுதியானது அல்ல. பந்தய எஞ்சின் வெறிகொண்டு சுழலும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடித் தீர்வதற்குள் பிஸ்டன் மேலே ஏறி வந்துவிடும். 1954-ல் டுகாட்டியில் சேர்ந்த ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர், மூடும் வேலையையும் கேமிடமே ஒப்படைத்தார். திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொரு ராக்கர். டெஸ்மோட்ரோமிக், சுருக்கமாக டெஸ்மோ, என்பது இதுதான். 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் அவருடைய 125 சிசி டெஸ்மோ வண்டி முதன்முதலாக இறங்கியது. இறங்கிய அன்றே வென்றது.

இந்த யோசனை தாலியோனிக்கு முன்பே இருந்ததுதான். மெர்சிடிஸ் 1954-ல் பந்தயக் காரில் பயன்படுத்தியது, பிறகு விட்டுவிட்டது. விடாப்பிடியாக வைத்துக்கொண்டு சாலையில் ஓடும் வண்டிக்கும் கொண்டுவந்த நிறுவனம் டுகாட்டி. 1972-ல் இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் அதன் 750 சிசி டெஸ்மோ வண்டிகள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. பால் ஸ்மார்ட் முதலில் வந்தார், புரூனோ ஸ்பஜாரி அடுத்து வந்தார். பொலோனியா நகரத்தின் போர்கோ பனிகாலே பகுதியில் இருக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையை உலகம் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. சாதாரண எஞ்சினில் ஒரு வால்வுக்கு ஒரு டேப்பட் இடைவெளி பார்த்தால் போதும். டெஸ்மோவில் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என்று வால்வுக்கு இரண்டு. என் 848-ல் எட்டு வால்வுகள். ஆக மொத்தம் பதினாறு அளவுகள். மூடும் பக்கத்து இடைவெளி ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும், அவ்வளவு மெல்லியது. அதை அளக்கும் முன் ஃபேரிங், டேங்க், ஏர் பாக்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். அளவு தப்பினால் சரியான கனமுள்ள ஷிம் என்ற இடைத்துண்டைத் தேடிப் போட வேண்டும். யமஹா ஆர்6-ல் இந்தச் சோதனை 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும். 848-ல் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. பில்லில் பெரும் தொகை கூலிதான், உதிரிபாகம் அல்ல. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைப் பொறுமையாகப் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கொடுக்கும் கூலி. அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பெயர் கெட்டதற்கு இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1985-ல் டுகாட்டியை காஜிவா நிறுவனம் வாங்கியது. 1994-ல் மாசிமோ தம்புரீனி வடிவமைத்த 916 வெளிவந்தது. சீட்டுக்கு அடியில் சைலன்சர், ஒரே பக்கம் தாங்கும் பின்சக்கரம், கத்தி முனை போன்ற முகம். பைக் ஓட்டாதவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போகும் வண்டி அது. கார்ல் ஃபோகார்ட்டி சூப்பர் பைக் உலகப் பட்டத்தை 1994, 1995, 1998, 1999 என்று நான்கு முறை டுகாட்டியில் வென்றார். ஆனால் 90-களின் நடுவில் காஜிவாவிடம் காசு இல்லை. சப்ளையர்களுக்குப் பணம் போகவில்லை, உதிரிபாகம் வரவில்லை. வண்டி வாங்கியவர்கள் காத்துக் கிடந்தார்கள். 1996-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று உள்ளே வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 2012-ல் டுகாட்டியை ஆடி வாங்கிவிட்டது. 90-களின் நான்கு வால்வு எஞ்சின்களில் ராக்கரின் மேல் பூசிய குரோம் உரிந்து வருவது ஒரு தெரிந்த வியாதி. இன்று உங்களுக்குச் சொல்லப்படும் கதைகளில் பாதி அந்த வண்டிகளின் கதைதான். பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 899 பனிகாலேயில் கேமைச் சுற்றும் ரப்பர் பெல்ட்டே கிடையாது, செயின் வந்துவிட்டது. வால்வு சோதனையும் 24,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போய்விட்டது. கடைசியில் 2021-ன் மல்டிஸ்ட்ராடா வி4-ல் டுகாட்டியே ஸ்பிரிங்குக்குத் திரும்பி, சோதனையை 60,000 கிலோமீட்டர் ஆக்கியது.

இப்போது கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 848-ஐப் போன்ற பெல்ட் வண்டிகளில், அந்த பெல்ட்டுக்கு ஓட்டத்தைப் போலவே வயதும் கணக்கு. பழைய மாடல்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். பின்னால் வந்த சிலவற்றில் ஐந்து ஆண்டு. வண்டி ஷெட்டில் நின்றாலும் பெல்ட்டுக்கு வயது ஏறும். ஒரே வளைவில் மாதக்கணக்கில் நின்ற ரப்பர் அந்த வளைவிலேயே இறுகும். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், வால்வு வளையும், எஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும். பெல்ட் மட்டுமா? ஃபோர்க் சீல் காய்ந்து கசியும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டேங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். டயர் பளபளப்பாக இருக்கும், தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் சிதிலமாவது போலத்தான் இதுவும்.

ஆகவே இரண்டு வண்டிகள் உங்கள் முன் நிற்கின்றன என்றால், ஒன்று நாலாயிரம் கிலோமீட்டர் ஓடி ஆறு வருடம் நின்றது, இன்னொன்று முப்பதாயிரம் ஓடி ஒவ்வொரு சர்வீசுக்கும் பில் வைத்திருப்பது என்றால், நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். ஒருமுறை நண்பருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். துடைத்து வைத்த சிவப்பு, ஒரு கீறல் இல்லை. பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். உரிமையாளர் நல்ல மனிதர். வண்டிதான் ஓடவே இல்லையே சார், எதற்கு மாற்ற வேண்டும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. நண்பர் கேட்ட விலையில் அந்த வண்டியைத் தர அவருக்கு விருப்பமில்லை, நாங்கள் திரும்பி வந்தோம்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்? டெஸ்மோ சர்வீஸ் என்று ஒரு வரி இருக்க வேண்டும், தேதியோடும் கிலோமீட்டரோடும். வெறும் ஆயில் மாற்றின பில் பத்து இருந்தாலும் அதற்கு ஈடாகாது. பெல்ட் மாற்றிய தேதி தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாங்கிய மறுநாள் வண்டியை ஓட்டாமல், டெம்போவில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டின் விலை வளைந்த வால்வின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. செல்ஃப் மோட்டார் தயங்கித் தயங்கிச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்த வண்டியில் ஸ்டார்ட்டர் கிளட்ச் அடிபட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெக்டிஃபையர் போய்க்கொண்டிருக்கிறது. இது இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு, அதே சமயம் எளிதாக மாற்றக்கூடியது. கிளட்ச் லீவர் பஞ்சாக அமுங்கினால் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. பயப்பட வேண்டாத சத்தமும் ஒன்று உண்டு. 916, 1098 போன்ற டிரை கிளட்ச் வண்டிகள் நியூட்ரலில் தகர டப்பாவில் ஆணி குலுக்குவது போலச் சத்தம் போடும். அது அந்த வண்டியின் இயல்பு.

டேங்கைக் குனிந்து பாருங்கள். 2000-களில் வந்த பல டுகாட்டிகளின் டேங்க் பிளாஸ்டிக். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அதை மெல்ல ஊதச் செய்யும். ஊதிய டேங்க் சட்டத்தின் மேல் சரியாக உட்காராது. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது. நம் பங்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆகவே நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து வைப்பது இங்கே இன்னும் அவசியம்.

காகித விஷயத்தில், வண்டியில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். வங்கிக் கடன் முடிந்ததா, வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். 2010-ல் பதிவான வண்டிக்குப் பதினைந்து வருடப் பதிவுக் காலம் 2025-லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்த ஆர்.சி. கையில் இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

மற்ற இத்தாலிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-ல் வந்த அப்ரிலியா ஆர்எஸ்வி மில்லேயின் எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் செய்தது. உழைப்புக்குப் பெயர் பெற்றது. 1921 முதல் வண்டி செய்யும் மோட்டோ கூட்சியின் பெரிய வண்டிகளில் செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் டேப்பட் பார்ப்பது எளிது. அழகில் எம்வி அகுஸ்தாவுக்கு இணை இல்லை. ஆனால் அந்த நிறுவனம் பலமுறை கைமாறியது. 2008-ல் ஹார்லி டேவிட்சன் வாங்கி, 2010-ல் திருப்பிக் கொடுத்தது. நிறுவனம் தடுமாறும் ஒவ்வொரு முறையும் உதிரிபாகத்துக்குக் காத்திருப்பவர் வண்டிக்காரர்தான். முதல் இத்தாலிய வண்டியாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஆபீசுக்குப் போக உங்களிடம் வேறு வண்டி இல்லையென்றால் வாங்காதீர்கள். மே மாதச் சென்னையில் ஒரு சிக்னலில் நின்றால் பின்சிலிண்டரின் சூடு தொடையைச் சுடும். தாழ்ந்த ஹேண்டில் மணிக்கட்டை வலிக்க வைக்கும். வாங்கும் பணத்தைக் கடைசிப் பைசா வரை புரட்டித்தான் கொடுக்க முடியும் என்றாலும் வேண்டாம். விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வைக்க முடிந்தால் இறங்குங்கள். உங்கள் ஊரில் டெஸ்மோ திறந்து பழகிய மெக்கானிக் ஒருவரையாவது வண்டி பார்க்கும் முன்பே தேடி வையுங்கள். ஊரில் இல்லையென்றால் எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இவையெல்லாம் பொருந்தி வந்தால், தயவுசெய்து பயத்துக்காக விட்டுவிடாதீர்கள். விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது அந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் எழுப்பும் குரலுக்கும், வளைவில் கண் போன இடத்துக்கே வண்டி போவதற்கும் ஈடாக வேறொன்றை நான் இதுவரை ஓட்டியதில்லை. வாங்கிய பிறகு வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடு ஏறும் அளவுக்கு ஓட்டுங்கள். ஒவ்வொரு பில்லையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வாங்கப் போகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.