பேட்டரியின் பூர்வீகம் என்ன?

(தாம்பரத்தில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையிலிருந்து)



ஜி.எஸ்.டி. சாலையில் இன்று புகையில்லாத மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. நல்லதுதான். ஆனால் அவற்றின் பேட்டரி எங்கிருந்து வந்தது? உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ நாட்டுடையது. அங்கே பள்ளிக்குப் போகவேண்டிய சிறுவர்களும் சுரங்கங்களில் பாடுபடுகிறார்கள்.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது: 2027 பிப்ரவரி முதல் கார் பேட்டரிக்குப் பாஸ்போர்ட், கலந்துள்ள பொருள்களின் விவரம் அதில் இருக்கவேண்டும்.

சரக்கின் மூலத்தை விசாரிப்பது வியாபாரிக்குப் புதிதா? வண்டி வாங்கும்போது கேளுங்கள். இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் கோபால்ட் கிடையாது.

காயலான் கடைச் சகோதரர்களே! பழைய லித்தியம் பேட்டரியை உடைக்காதீர்கள், தீப்பிடிக்கும். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளரின் கடமை.

கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் பதில் சொல்வார்!