மலாவியில் 75 கைப்பேசிகள்



ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் நமிடெட்டே ஊரில் புனித கபிரியேல் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் காசநோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்களே. ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று சொல்ல, முன்பெல்லாம் அவர்கள் பல மைல் நடந்து மருத்துவமனைக்கு வரவேண்டும்.

2008-இல் 75 தொண்டர்களுக்குச் சாதாரணக் கைப்பேசிகள் தரப்பட்டன. மருத்துவமனையில் ஒரு மடிக்கணினி. குறுஞ்செய்திகள் அதில் வந்து சேரும், இணையம்கூட வேண்டியதில்லை. ஆறே மாதத்தில் காசநோய்ப் பிரிவு இரண்டு மடங்கு நோயாளிகளைக் கவனிக்க முடிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்ச் செலவும் குறைந்தது.

நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்தே காலம் கழித்த எங்களுக்கு மனதில் நின்றது வேறொன்று. தொண்டர் ஒரு மருந்தைப்பற்றிக் கேட்டனுப்பினால் மருத்துவமனையிலிருந்து பதில் போயிற்று. வலியால் முனகுகிறவரின் பக்கத்தில் அவர் ஒன்றும் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை.

கட்டடம் என்றால், கருவி என்றால் நீங்கள் மனமுவந்து கொடுக்கிறீர்கள். கைப்பேசி ரீசார்ஜுக்குக் காணிக்கை கேட்க எங்களுக்கே கூச்சமாயிருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடமில்லையே! ஆனால் கைப்பேசியில் காசு தீர்ந்த அன்று, தொண்டர் பழையபடி நடக்கத்தான் வேண்டும்.