மேகத்துக்குள் ஒரு வழி



ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டாம், கையகல இடம் கிடைத்தால் இறங்கிவிடும் என்று சொல்வோம். விமானிக்கு அந்த இடம் கண்ணில் படுகிற வரைக்கும்தான் அது உண்மை.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து பகல் 11.48க்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். குன்னூர் அருகே காட்டேரி மலைச்சரிவில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். எந்திரக் கோளாறு இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்றது விமானப்படையின் விசாரணை.

கை தேர்ந்த விமானிக்கு இப்படி ஆகுமா? ஆகும். உடலின் சமநிலையைச் சொல்லும் உறுப்பு நம் காதுக்குள் இருக்கிறது. அது தவறினால் கண்தான் திருத்தும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையில்லை. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, அதன் விமானி மேலே ஏறிக்கொண்டிருப்பதாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய விமானங்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஓடுபாதையின் கோடியில் நிற்கும் ஆன்டெனாக்கள் இட வலத்தைக் காட்டும். ஓரத்தில் நிற்கும் இன்னொன்று 3 டிகிரி சரிவைக் காட்டும். ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலோ மலைமேட்டிலோ இதையெல்லாம் எங்கே நடுவது? அதோடு, சுற்றிலும் கட்டடமும் மின்கம்பியும் இருக்கிற இடத்துக்கு 3 டிகிரி சரிவு பெரும்பாலும் போதாது. இன்னும் செங்குத்தாக வர வேண்டும்.

ரொம்பச் செங்குத்தாக வருவதிலும் ஆபத்து உண்டு. மெதுவான வேகத்தில் வேகவேகமாகக் கீழே இறங்கினால், இறக்கைகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் போய் அமரும். காற்று இறக்கை நுனியைச் சுற்றி மறுபடி மேலேறிச் சுழலும். அந்த நிலையில் விசையைக் கூட்டினால் தூக்காது, இன்னும் வேகமாக விழும். அதனால்தான் இறங்குகிற சரிவு இவ்வளவு என்று அளந்து வைக்கிறார்கள். அதை அறிந்து வருவது விமானிக்கு உயிர்ப் பிரச்சினை.

தரையில் இதற்கு ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. சரியான சரிவில் வந்தால் நிலையான பச்சை தெரியும். உயரம் அதிகமானால் பச்சை மின்னும். கொஞ்சம் தாழ்ந்தால் நிலையான சிவப்பு. மிகவும் தாழ்ந்தால் சிவப்பு மின்னும். நிலையான பச்சையின் அகலம் முக்கால் டிகிரிதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 13 மீட்டர் உயரம், நான்கு மாடி அளவு. இரவில் வருகிற விமானிக்கு இது பெரிய துணை. ஆனால் விளக்கு கண்ணில் பட்டால்தானே?

அதற்கு முந்தைய தூரத்துக்குத்தான் செயற்கைக்கோள். வெறும் ஜி.பி.எஸ். போதாது. அயனி மண்டலம் அதன் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நம் வானத்தில் இந்தத் தொல்லை அதிகம். இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன் என்ற அமைப்பு, நாடெங்கும் உள்ள தரை நிலையங்களில் பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்கு அனுப்புகிறது. ஜி.பி.எஸ். நம்பத்தகாததாக ஆனால் சில நொடிகளுக்குள் எச்சரிக்கிறது. சரிவோடு வழிகாட்ட அதற்கு 2015 ஏப்ரலில் சான்று கிடைத்தது. 2023 ஜூனில் மும்பை ஜூஹுவிலிருந்து புணேவுக்கு ஒரு ஹெலிகாப்டர் இதைக் கொண்டு பறந்து காட்டியது. ஆசியாவில் இது முதல் முறை என்று அரசு அறிவித்தது.

இந்த முறையில், கருவிகள் காட்டும் வழி ஹெலிபேடு வரை வருவதில்லை, வானத்தில் குறித்த ஓர் இடத்தோடு முடிகிறது. கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட ஹெலிகாப்டருக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதைவிட மெதுவாக இறங்கக் கண் தேவை. அந்த இடத்தை எட்டும்போது தேவையான பார்வை கிடைத்தால் மேற்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் யோசிக்காமல் மேலே ஏறித் திரும்ப வேண்டும், ஏறுகிற வழியும் முன்பே வகுத்திருக்கும்.

மேகம் சட்டென்று சூழும் கேதார்நாத் போன்ற மலைத் தடங்களுக்கும், நோயாளிகள் வந்திறங்கும் ஆஸ்பத்திரி ஹெலிபேடுகளுக்கும் இப்படி வழி வகுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்பேன். செயற்கைக்கோள் ஏற்கெனவே வானத்தில் இருக்கிறது. மிச்சம் இருப்பது தரை வேலை: ஒவ்வொரு இடத்திலும் மரம், கோபுரம், கம்பி, கட்டடம் எல்லாவற்றின் உயரத்தையும் அளந்து வழியை வரைய வேண்டும். வரைந்தபின் அக்கம்பக்கத்தில் யாராவது செல்போன் கோபுரம் நட்டாலோ, கிரேனை நிமிர்த்தினாலோ அந்த வரைபடம் பொய்யாகிவிடும். எனவே ஹெலிபேடு வைத்திருப்பவர்களிடம், தங்களைச் சுற்றி என்ன உயர்கிறது என்று பார்த்துச் சொல்வதையே பொறுப்பாக வைத்திருக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.