ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுச் சுரைக்காயும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

தொழில்நுட்பம் பற்றிப் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் அழைத்தார். நான் சுரைக்காய் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள், இரண்டும் ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் நிரூபித்துவிடுகிறேன்.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தேவைக்கு மேல் ஒரு துண்டுகூடச் செய்யாதே என்பதுதான் எங்கள் வேதம். டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியல் போட்டார். அதில் மிகை உற்பத்திதான் முதல் எதிரி. அடுத்த கட்டத்திலிருந்து கான்பன் அட்டை வந்தால்தான் முந்தைய கட்டம் வேலை செய்ய வேண்டும். பகல் முழுக்க இதை நான் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கொல்லையில் ஒரு கொடி இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கார ஆயா தை மாசம் நட்ட சுரை விதை அது. பங்குனியில் காய்க்க ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் நாமெல்லாம் வாடினோம், அது வாடவில்லை. காலையில் கட்டைவிரல் அளவு பிஞ்சாகத் தெரிந்ததை நாலு நாள் மறந்தால் முழங்கை அளவுக்கு நிற்கும்.

முதல் வாரம் ஆனந்தம். கடலைப்பருப்புக் கூட்டு, மோர்க்குழம்பு, இறால் போட்டு ஒரு நாள். இரண்டாம் வாரம் அடை, தோசை, தோலில் துவையல். மூன்றாம் வாரம் அல்வா. அல்வாவைப் பார்த்ததும் என் மகள், "இதுவும் அதானா அம்மா?" என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுரைக்காயை அல்வாவிலும் மறைக்க முடியாது என்பது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு.

பிறகு விநியோகம். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தோம். இரண்டாவது சுற்றில் என் மனைவி பையோடு வருவதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஷிப்டு முடிந்து போகிறவர்கள் பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், ஹேண்டில்பாரில் சுரைக்காய் தொங்குகிறதா என்று பார்த்தார்கள். இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் சுக்கினி என்று சுரைக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. அங்கே ஆகஸ்ட் 8-ஆம் தேதியை, பக்கத்து வீட்டு வாசலில் திருட்டுத்தனமாகச் சுக்கினி வைத்துவிட்டு ஓடும் நாள் என்று வேடிக்கையாகவே கொண்டாடுகிறார்கள்.

குப்பையில் போடலாமே என்கிறீர்களா? ஆயா விடமாட்டார். அவர் குடும்பம் தலைமுறையாக விவசாயம் பார்த்தது. நிலமெல்லாம் விற்றாகிவிட்டது. இன்று அவருக்கு மிஞ்சிய கழனி அந்தக் கொல்லைதான். "பூமி குடுத்தத குப்பையில போடக்கூடாது தம்பி" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவே கணக்கை முடித்தார். பின்தெருவில் எட்டு அறைகள் கொண்ட லைன் வீடு. ஒடிசா, பீகார் பையன்கள் குடியிருக்கிறார்கள். ஆயா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே போய்விட்டார். பாஷை தெரியாது. காயைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். ஒருவன் "லௌக்கி!" என்றான், இன்னொருவன் "லாவு!" என்றான். பீகாரில் சட் பூஜை விரதத்தின் முதல் நாள் சாப்பாடே சுரைக்காயும் சோறும்தானாம். மறுநாள் ஒரு கிண்ணம் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் கடலைப்பருப்பு போட்ட சுரைக்காய். நம் கூட்டுக்கு உடன்பிறப்பு! இத்தனை நாள் ஒரே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற எங்களுக்கு, அன்றைக்குத்தான் ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரிந்தது.

அதே வாரம் ஆயா எனக்கு உற்பத்தி மேலாண்மையும் சொல்லிக்கொடுத்தார். "நீ அறுத்துக்கினே இருந்தா அது காய்ச்சிக்கினேதான் இருக்கும். ரெண்ட விதைக்கு வுடு, தானா அடங்கும்" என்றார். அப்படியே நடந்தது. பிஞ்சைப் பறிக்கப் பறிக்கக் கொடி புதுக் காய் வைக்கிறது. காய் முற்றி விதை பிடித்தால் அதன் சத்து அந்தப் பக்கம் போகிறது, புதுக் காய் குறைகிறது. ஆக, நாம் பறித்த ஒவ்வொரு காயும் கொடிக்கு ஒரு கான்பன் அட்டை! ஓனோவைப் படிக்காத ஆயா லைனை நிறுத்தாமலே வேகத்தைக் குறைத்தார்.

இனி கொஞ்சம் கனமான விஷயம். எங்கள் ஊரில் ஏரி இருக்கிறது. ஏரிக்கு மதகு ஒரு பக்கம், கலங்கல் ஒரு பக்கம். மதகு பாசனத்துக்கு. கலங்கல் மிச்சத்துக்கு. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் போகிறது. அது நிரம்பினால் அடையாறு. நிரம்பியபின் எங்கே போகும் என்பதை யோசிக்காமல் நம் முன்னோர் ஏரி வெட்டவில்லை. போகும் வழியை நாம் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் காட்டிவிட்டது.

பற்றாக்குறையைச் சமாளிக்க நாம் நாலு வருஷம் படித்தோம். மிச்சத்தைச் சமாளிக்கப் படித்தோமா? எனக்குச் சுரைக்காய் மிஞ்சினால் சிரிப்பு. விவசாயிக்குத் தக்காளி மிஞ்சினால் பறிகூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததும் ஒரு கலங்கல் வெட்டியதுதான். இன்னும் எத்தனையோ கலங்கல் பாக்கி இருக்கிறது. குளிர்பதனம், உலர்த்தும் கருவி, சின்ன வண்டி, எந்த ஊரில் எது தேவை என்று சொல்லும் மென்பொருள். மாணவத் தம்பி தங்கைகளே, இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி நெட்டில் அலையாதீர்கள். வாசலில் கிடக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைக் கிண்டல் செய்வார்கள். உதவும். ஏட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால் உதவும்.

ஒரு எச்சரிக்கை. வெட்டியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூர எறியுங்கள், ஆயா மன்னிப்பார். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. சமைத்தாலும் போகாது. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானியே உயிரிழந்தார்.

விதைக்கு விட்ட அந்த இரண்டு காயும் முற்றி உலர்ந்துவிட்டன. ஆயா விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பதிவு மேசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. நடுவதற்கு முன் பின்தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள்.