தொட்டியைத் திறந்து பார்த்தவர்கள்



டில்லியின் திமார்பூரில் 1987-ல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை கட்டினார்கள். டென்மார்க் தொழில்நுட்பம், நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் திறன். ஆலை ஓடியது 21 நாள். டென்மார்க் வீடுகளின் குப்பையில் ஈரம் குறைவு, காகிதமும் அட்டையும் கூடுதல். நம் வீட்டுக் குப்பையிலோ காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும்தான் அதிகம். எரியக்கூடிய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேப்பர்காரரும் குப்பை பொறுக்குவோரும் முன்பே எடுத்துப் போய்விடுகிறார்கள். எரிவதற்கு வேண்டிய வெப்ப மதிப்பில் ஏறக்குறைய பாதிதான் ஆலைக்கு வந்த குப்பையில் இருந்தது. பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. தொட்டியைத் திறந்து பார்த்தவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புனேயில் கேட்டார்கள்.

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூர்ணிமா சிகர்மனே, லட்சுமி நாராயண் ஆகியோர் வயதுவந்தோர் கல்விப் பணிக்காகக் குப்பை பொறுக்கும் பெண்களிடம் போனார்கள். அப்பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள். எழுத்தைவிட அவசரமான தேவை அவர்களுக்கு இருந்தது: நாறும் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவாமல், வீட்டிலேயே பிரித்து வைத்த காகிதமும் பாட்டிலும் நேராகக் கைக்கு வர வேண்டும். தரம் பிரித்தல் என்று இன்று அரசு விளம்பரங்கள் சொல்வதை அவர்கள் பிழைப்புக்காகவே கேட்டார்கள். 1993-ல், சமூகப் போராளி பாபா ஆடவின் தலைமையில், 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற அவர்களின் தொழிற்சங்கம் உருவானது.

சங்கம் முதலில் வாங்கித் தந்தவற்றில் ஒன்று, மாநகராட்சி ஒப்புதல் பெற்ற அடையாள அட்டை. தோளில் கோணியோடு தெருவில் நடப்பவரைத் திருடராகப் பார்க்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல. அடுத்தது ஒரு கணக்கு. இவர்கள் பொறுக்கி எடுப்பதால் மாநகராட்சிக்கு லாரிச் செலவு எவ்வளவு மிச்சமாகிறது என்பதை 2001-ல் ஓர் ஆய்வு ரூபாயில் எழுதிக் காட்டியது. அதன்பின் பதிவு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு மாநகராட்சியே பணம் கட்ட முன்வந்தது. மேடை முழக்கமே போராட்டம் என்று நினைக்கும் நம்மூர்த் தலைவர்கள் இந்தக் கணக்குத் தாளை ஒருமுறை பார்க்கலாம்.

இதற்கிடையில் டில்லியில் இன்னொரு கதவு திறந்தது. பொறியாளர் அல்மித்ரா பட்டேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000-ல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்க வேண்டும் என்றன அவை. நல்ல விதிதான். ஆனால் அதைக் காட்டியே ஊர் ஊராக டெண்டர் விட்டால், தெருத்தொட்டியை நம்பிப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? புனே சங்கத்தார் விதியை எதிர்க்கவில்லை. அந்த வேலையை எங்களுக்கே கொடுங்கள் என்றார்கள். தொழிலாளர்களே உரிமையாளர்களான 'ஸ்வச்' கூட்டுறவு, 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன. பிரித்து விற்கும் பொருளின் காசும் தொழிலாளிக்கே.

அப்புறம் சானிட்டரி நாப்கின் சங்கதி. வீடுகளில் பயன்படுத்திய நாப்கினை உறையில்லாமல் எறிகிறார்கள், அதையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. சொல்லிப் பார்த்தும் பலனில்லை. 2013-ல் 'ஸ்வச்' பெண்கள், பயன்படுத்திய நாப்கின்களைப் பைகளில் கட்டி, தயாரித்த நிறுவனங்களின் அலுவலகங்களுக்கே அனுப்பி வைத்தார்கள்! 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு நாப்கினையும் போட்டெறிய ஓர் உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றன. குப்பை பொறுக்குவோரைக் கழிவு மேலாண்மையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின.

நம் பக்கத்தில் நீலகிரி. உடைந்த மதுப் பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பதை முன்வைத்து நடந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம், அரசு மதுக்கடைகளை நடத்தும் டாஸ்மாக்கைப் பொறுப்பேற்கச் சொன்னது. 2022 முதல் அங்கே பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்ததும் கொடுத்துவிடுகிறார்கள். காலிப் பாட்டிலை எங்கே அடுக்குவது என்று கடை ஊழியர்கள் அலுத்துக்கொண்டது நியாயம்தான். ஆனாலும் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. விழிப்புணர்வுப் பதாகைகள் செய்யாததைப் 10 ரூபாய் செய்தது.

சென்னையிலோ, பெருங்குடி குப்பைக் கிடங்கு அதே 2022-ன் ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்து புகைந்தது. அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். ஒரே இடத்துக்கு ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்!

பட்டம் பெறும் உங்களில், குப்பை விஷயத்தில் பொருளாதாரம் படித்தவர்களுக்கும் சட்டம் படித்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் குப்பை ஒப்பந்தத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்ததாரருக்கு அள்ளிய எடைக்குப் பணமா, பிரித்துக் கொடுத்ததற்குப் பணமா என்று முதலில் பாருங்கள். டன்னுக்கு இவ்வளவு என்றிருந்தால், குப்பையைக் குறைப்பதிலும் பிரிப்பதிலும் அவருக்கு நஷ்டம்தான். மண்ணும் கல்லும் சேர்ந்தால் லாபம். வீட்டுக்காரர் பிரித்துப் போட்டதை வண்டி ஒன்றாகக் கொட்டுவதற்குப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு அந்த ஒப்பந்தக் காகிதத்தில் இருக்கலாம்.

அடுத்து, உள்ளாட்சியின் துணைவிதிகளைப் படியுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 முதல் பகுதி சபா இருக்கிறது. அங்கே போய்த் தீர்மானம் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் தெருவின் தூய்மைப் பணியாளரையும் காயலான் கடைக்காரரையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பேசும்போது நேரமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், உங்களுக்கான நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.